எங்கே அமுக்குவது?

ஜூன் 23, திங்கள்

மவுனகுருசாமி சார் இன்று மூச்சு விடாமல் பேசினார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள், பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பேச்சின் சாரம் ஒன்றுதான். எங்கள் 'கூடைத்தோட்டம்' கம்பெனி வாராவாரம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்மடலை யாரும் சீந்துவதில்லை. ஃபோன் பிரிவுப் பெண்கள் தொண்டை வறளப் பேசித் தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடும் தென்னைநார்க் கட்டியும் விதைப் பொட்டலமும் விற்றுவிடுகிறார்கள். நான் மட்டும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து 'அன்புள்ள மாடித்தோட்டக்காரரே' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"தொறந்து பாக்கறாங்க, இல்லைங்கல. ஆனா லிங்க்க ஒருத்தனும் அமுக்க மாட்டீங்கறானே சுகந்தி? அமுக்குனாத்தான நம்ம கடைப் பக்கத்துக்கு வருவான்? ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாக்கறேன். நூறு பேருக்கு அனுப்புனா அஞ்சு பேராவது அமுக்கோணும். இல்லீனா மடலை நிறுத்திப்போடலாம்."

மடல் நின்றால் நான் என்ன ஆவேன் என்பதை அவர் சொல்லவில்லை. இன்றைக்கு அவர் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஆடிப் பதினெட்டுக்கு எனக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது. பெரியப்பா தாராபுரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். அரிசி ஆலை முதலாளி, முதல் மனைவி இறந்துவிட்டாராம். போன மாதம் எல்லோர் முன்னிலையிலும் "எனக்கு வேலை இருக்குதுங் பெரியப்பா, கல்யாணம் வேண்டாம்" என்று சொன்னேன். "அந்த வேலை நெலைக்குமா?" என்றார். நிலைக்கும் என்றேன். "சரி, ஆடிப் பதினெட்டுக்குச் சாப்பிட வருவேன். வேலை நெரந்தரம்னா நான் இனி வாயைத் தொறக்கல. இல்லீனா ஆவணில பொண்ணு பாக்க வரச் சொல்லிப்போடுவேன்" என்றார். ரோஷத்தில் தலையாட்டிவிட்டேன். ஜாதகத்தை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது அம்மா. அதை நான் மறக்கவில்லை.

சென்னையில் நடந்த முதல் கல்யாணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. முடிந்துபோன விஷயம்.

ஜூன் 24, செவ்வாய்

பழைய மடல்களை வாடிக்கையாளர் மாதிரி என் ஃபோனில் திறந்து பார்த்தேன். எழுதியவள் நானே என்றாலும் சகிக்கவில்லை. ஒரே மடலில் பதினொரு லிங்க். கம்பெனிச் சின்னத்தைத் தொட்டால் எங்கோ போகிறது, தக்காளிப் படத்தைத் தொட்டால் வேறெங்கோ போகிறது, 'இங்கே சொடுக்கவும்' என்று நான்கு இடத்தில் கத்துகிறது. கடைவீதியில் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தால் எந்தக் கடைக்குள்ளும் நுழையாமல் பஸ் ஏறிவிடுவோம் இல்லையா, அந்தக் கதைதான்.

எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு மூன்றே மூன்று வைத்தேன். மேலே ஒரு பச்சைப் பட்டன், 'ஆடிப் பட்டத்துக்கு வாங்குங்கள்' என்று. நடுவில் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே கோடிட்ட சில சொற்கள். கடைசியில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி. மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. மனிதர்களின் விரல் எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம். இதில் எனக்கு வேலையைத் தாண்டிய ஓர் ஆவலே வந்துவிட்டது.

ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டாள். "அதென்ன கண்ணு, அமுக்கறது அமுக்கறதுன்னு ஃபோன்ல பேசிட்டிருந்தே?"

காட்டினேன்.

"அமுக்குனா உங்க ஆபீசுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அமுக்குறவங்களுக்குக் காசு கீசு புடிக்குமா?"

"புடிக்காதும்மா."

"மடல் எல்லாத்துக்கும் வருமா?"

"பேரு குடுத்து வெச்சா யாருக்கு வேணாலும் வரும்."

"தொறந்ததீம் மொதல்ல தெரியறது இந்தப் பச்சைக் கட்டந்தானா?"

என் வேலையைப் பற்றி அம்மா இவ்வளவு கேட்டது இதுதான் முதல் தடவை. சீரியலில் இன்று விறுவிறுப்பு இல்லை போலிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

மடல் போயிற்று. கிளிக் கொஞ்சம்தான். ஆனால் நடுவில் இருந்த லிங்க்கில் சிலர் கை வைத்திருக்கிறார்கள். 'இலை சுருண்டு போனால்' என்ற சொற்களுக்குக் கோடிட்டிருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று வைத்தது அது, வியாபாரத்துக்காக வைத்ததில்லை. ஏன் அங்கே?

கணக்குத் திரையில் எத்தனை பேர் என்பது மட்டும் வருவதில்லை. யார், எப்போது, எந்த ஊரிலிருந்து, எதைத் தொட்டார் என்று பெயர் பெயராக வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் என் ஃபோனை வாங்கி, யாரோடு பேசினேன், எதைப் பார்த்தேன் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர்ப் பத்தியை மறைத்து வைத்துவிட்டேன். எண்ணிக்கை தெரிந்தால் எனக்குப் போதும்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா காலையிலிருந்து ஃபோனும் கையுமாக இருக்கிறாள். நான் சமையலறைக்குள் போனால் பேச்சு "மழை பேஞ்சுதா?" என்று மாறிவிடுகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. தாராபுரம் பேச்சாகத்தான் இருக்க வேண்டும். பேசட்டும், நான் கேட்கப் போவதில்லை.

ஜூலை 3, வியாழன்

இதை எழுதும்போதே கை துள்ளுகிறது. கிளிக் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது! புதிதாக மடலுக்குப் பெயர் கொடுத்தவர்களும் ஏராளம். நூற்றுக்கு ஐந்தைத் தாண்டி ஆறைத் தொட்டுவிட்டது. அத்தனையும் மேலே இருக்கும் பச்சைப் பட்டனில்.

சார் ஆபீஸ் முழுக்கத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். "மேல வெச்சாத்தான் கண்ணு போகும்னு நான் சொன்னேனில்ல?" என்றார். அவர் சொல்லவே இல்லை. பன் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஜூலை 5, சனி

ஒரு விஷயம் உறுத்துகிறது. வந்தவர்கள் யாரும் வாங்கவில்லை. கடைப் பக்கத்தைத் திறந்த கையோடு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவைத் தட்டிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் மாதிரி.

பக்கம் திறக்க நேரமாகிறதோ என்று பஸ் ஸ்டாண்டில் நின்று என் ஃபோனில் திறந்து பார்த்தேன். பட்டென்று வருகிறது. விலையைப் பார்த்து மிரள்கிறார்களா? விலையைப் பார்க்கும் அளவுக்குக்கூட அவர்கள் நிற்கவில்லையே. பட்டனை ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். உடனே சிரிப்பு வந்தது. நிறத்தை மாற்றினால் மனசு மாறுமா என்ன.

ஜூலை 10, வியாழன்

விசித்திரம் என்றால் இதுதான் விசித்திரம்.

சோதித்துப் பார்க்க இந்த வாரம் பச்சைப் பட்டனை மேலேயிருந்து எடுத்து அடியில் போட்டேன். கிளிக் குறையும், இல்லை அடிக்கு இறங்கும் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. மடலின் உச்சியில் 'மடல் சரியாகத் தெரியவில்லையா? இப்படித் திறக்கவும்' என்று எறும்பு எழுத்தில் மென்பொருளே போடும் ஒரு வரி இருக்கும். உலகத்தில் யாரும் தொடாத வரி அது. அதைப் போய் அத்தனை பேரும் அமுக்கியிருக்கிறார்கள்!

யார் இவர்கள்? எல்லோருக்கும் ஒரே நாளில் மடல் சரியாகத் தெரியாமல் போய்விட்டதா? படிக்காமல் முதலில் தெரிவதை அமுக்கிவிட்டு ஓடுகிறவர்கள் ஏன் மடலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும்? பெயர்ப் பத்தியைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். கை அதுவரை போய்த் திரும்பிவிட்டது.

சாருக்கு இந்த உறுத்தலெல்லாம் கிடையாது. ஆடி மடலில் எழுத்தே வேண்டாமாம். திறந்ததும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பச்சைப் பட்டன் போதுமாம். அதை நம்பி நார்க் கட்டிகளைக் கிடங்கு கொள்ளாமல் அடுக்கச் சொல்லிவிட்டார்.

ஜூலை 12, சனி

நாளைக்கு உடுமலையில் மாமா பேத்திக்குக் காதுகுத்து. "உனக்கு ஆபீஸ் வேலை இருக்கும். நீ வராட்டி பரவால்ல சாமி" என்று அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். தாராபுரத்துக்காரர்களை அங்கே வைத்துச் சத்தமில்லாமல் பேசி முடிக்கத் திட்டம் போலிருக்கிறது. அதற்காகவே போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

தாராபுரத்திலிருந்து யாரும் வரவில்லை.

மண்டபத்தில் நுழைந்ததுமே ராமாத்தா அத்தை, அப்பாவின் தங்கை, பந்தியிலிருந்து எழுந்து எச்சில் கையோடு ஓடி வந்தாள்.

"வா அம்மிணி! இந்த வாரமும் அமுக்கிட்டேன். பேரனும் அமுக்கிட்டான். ஆனா ஏங் கண்ணு, பச்சைக் கட்டத்தை எங்க ஒளிச்சு வெச்சே? தேடித் தேடிப் பாத்துட்டு, மேல பொடி எழுத்துல ஒண்ணு இருந்துச்சு, அதை அமுக்கி உட்டோம். செல்லுமில்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதினால் பொய். அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது.

"யாரு அத்தை அமுக்கச் சொன்னது?"

"உங்கம்மாதான். வீடு வீடா ஃபோன் போட்டுச் சொன்னா. எங்க வீட்டு விசேசத்துக்கெல்லாம் மொய் வெச்சவ. இப்ப வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கறா, செய்யாம இருப்பமா? வியாழக்கிழமை ஆனா எங்க ஊட்டுல அதுதான் மொத வேலை. உங்க பெரியப்பன்கிட்ட மட்டும் மூச்சு உட்றாதே."

ஆனைமலை மாமா வந்தார். அவர் மகன் காலேஜ் விடுதியில் இருக்கும் நண்பர்கள் எல்லோரையும் மடலுக்குச் சேர்த்துவிட்டானாம். கிணத்துக்கடவு சித்தி தன் தையல் வகுப்பையே சேர்த்துவிட்டாளாம். ஒவ்வொருவரும் மொய் எழுதிவிட்டு வந்த திருப்தியோடு என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்கள். ஒருத்தர் வீட்டில்கூடத் தொட்டிச் செடி கிடையாது. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு எதற்கு நார்க் கட்டி?

பஸ்ஸில் என் கோபத்தை அடக்க முடியவில்லை. நம்பி நம்பிக் கணக்குப் போட்டதெல்லாம் சொந்தக்காரர்கள் விரல். "பொய்க் கணக்குன்னு தெரிஞ்சா என்னை வெளிய அனுப்பிருவாங்க. என்ற பொழப்பைக் கெடுத்துத் தாராபுரத்துக்குத் தள்ளி உட்டுடலாம்னுதான இதைப் பண்ணினே?" என்று கேட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் பேசினாள்.

"உன்ற வேலை நின்னுபோச்சுன்னா உங்க பெரியப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? உங்கப்பா போனதுல இருந்து எல்லாம் அவருதான் பாத்தாரு. அவரு முன்னால எனக்கு வாயே வராது. உனக்கு வேலை நெலச்சுட்டா நான் ஒண்ணும் பேச வேண்டியதில்ல பாரு."

"அப்ப ஜாதகத்தை ஏம்மா குடுத்தே?"

"கேட்டாரு. குடுத்துட்டேன்."

"தாராபுரம் வேணும்னு நீ நெனைக்கலியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "சென்னைல இருந்து நீ வந்த அன்னிக்கு உன்ற முதுகுக்கு எண்ணெய் போட்டது நாந்தான சாமி? மறுபடியும் எவன் ஊட்டுக்கோ உன்னை அனுப்பத் துணிவேனா நானு?"

அம்மாவின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நூற்றுக்கு ஐந்து கேட்டார், ஆறு வந்திருக்கிறது. மொய் என்றாலும் கிளிக் கிளிக்தான். வேலை நிலைக்கும், பெரியப்பா வாய் மூடும்.

ஆனால் கிடங்கில் அடுக்கியிருக்கும் கட்டிகளை ராமாத்தா அத்தை வாங்கப் போவதில்லை. அந்தப் பெரிய பச்சைப் பட்டனை நம்பி ஆடி முழுக்க ஓட்டிவிட்டு, சரக்கு தேங்கிப்போய் ஒருநாள் சார் என் முகத்தைப் பார்ப்பார். இதைவிட இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உண்மையில் ஜனங்கள் எங்கே அமுக்குவார்கள் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள், தையல் வகுப்பு, விடுதிப் பையன்கள், எல்லாம். அம்மா ஏன் செய்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மவுனகுருசாமி சார் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயரைக் காப்பாற்றினார். பிறகு, "அப்ப மொய்யி வெச்சிருக்கறாங்க" என்றார்.

"ஆமாங் சார்."

"நான் வேற ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்." மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. "சரி. அவிங்களை எல்லாம் தூக்கிப்போட்டு, நெசமான ஆளுகளுக்கு மட்டும் ஆடி மடலைப் போடு. அஞ்சு அஞ்சுதான், நான் கொறைக்க மாட்டேன்."

சாயங்காலம் பெயர்ப் பத்தியைத் திறந்தேன், எங்கள் ஆட்களை எடுப்பதற்கு மட்டும். பிறகு மறுபடி மூடிவிட்டேன். அவர்கள் போனதும் திரை வெறிச்சோடிவிட்டது. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஆனால் தேறிய அந்தச் சிலரும் மூன்று வாரமாக ஒரே மாதிரி இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். பச்சைப் பட்டனைத் தொடவே இல்லை. நடு வாக்கியத்தில் நிற்கிறார்கள். இலை சுருண்டு போனால். பூ உதிர்ந்து போனால். அடியில் வெள்ளைப் பூச்சி தெரிந்தால்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவை உட்கார வைத்துக் கையில் ஃபோனைக் கொடுத்தேன். "என்னை மறந்துடு. மடலைப் படி. எங்க அமுக்கத் தோணுதோ அங்க மட்டும் அமுக்கு. தோணலீனா உட்டுடு."

"பச்சைக் கட்டத்தை..."

"அமுக்கக் கூடாது!"

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். வணக்கத்தைத் தாண்டினாள், தள்ளுபடியைத் தாண்டினாள். தள்ளுபடியைத் தாண்டுகிற பெண்பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன். கத்தரிச் செடியின் நுனி வாடித் தலை தொங்கினால் தண்டுக்குள் புழு இருக்கிறது என்று எழுதியிருந்த இடத்தில் நின்றாள். பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே குழாயடியில் அவள் வைத்த கத்தரிச் செடி ஒன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

"அப்பறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன?"

"புழு இருந்தா என்ன பண்ணோணும்? அதைப் போடாம நார்க் கட்டி இன்ன வெலைன்னு போட்டிருக்கறே?"

அம்மாவின் கட்டைவிரல் அந்த வாக்கியத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அங்கே லிங்க் இல்லை. இரண்டு பத்தி தள்ளி, யாருக்கும் எந்தக் கேள்வியும் இல்லாத இடத்தில் வைத்திருந்தேன்.

மேலே, நடுவே, கீழே என்று இத்தனை நாள் மடலை அளந்துகொண்டிருந்தேன். படிக்கிறவர் வாயில் 'அப்புறம்?' எங்கே வருகிறதோ அந்த இடத்தை யோசிக்கவே இல்லை.

நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு வேப்பம்புண்ணாக்குப் போடச் சொன்னேன். உடனே எழுந்து போய்க் கிள்ளினாள்.

ஜூலை 24, வியாழன்

புது விதமாக ஒரு மடல். வாடிய நுனி ஒரே விஷயம். 'அப்புறம்?' வருகிற இடத்தில் 'தண்டுப் புழுவை விரட்டும் வழி' என்று கோடிட்ட சொற்கள். 'இங்கே சொடுக்கவும்' கிடையாது. தொட்டால் என்ன கிடைக்கும் என்பதையே லிங்க்காக எழுதிவிட்டேன். போகிற பக்கத்தில் முதலில் வழி, அதற்குப் பிறகுதான் புண்ணாக்கும் கட்டியும்.

"விக்கறதுக்கு மடலா, வைத்தியத்துக்கு மடலா?" என்று சார் கேட்டார். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கு மூன்று. போனவர்கள் நின்று படித்திருக்கிறார்கள். சிலர் வாங்கியும் இருக்கிறார்கள். மேடவாக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் செடியின் படத்தை அனுப்பி 'எங்கள் கத்தரிக்கும் இதேதான், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று எழுதியிருக்கிறார். அந்த மடலை நாலு தடவை படித்தேன்.

ஜூலை 30, புதன்

சாரோடு சண்டை. ஆடி மடலில் பச்சைப் பட்டன் மேலேதான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தன் மச்சினர் சொன்னாராம். கேள்வியே எழாத இடத்தில் பதிலை வைத்து என்ன பிரயோஜனம் என்று நானும் விடவில்லை. கடைசியில் பட்டனைக் கேள்விக்கு அடுத்து இறக்கிக்கொண்டோம். மற்ற லிங்க்கிலிருந்து தள்ளி, விரல் தவறிப் படாத அளவுக்கு இடம் விட்டு வைத்தேன். "இதுல ஏதாச்சும் ஆச்சுன்னா உன்ற தலையிலதான் உடியும்" என்றார். இவ்வளவு நாள் யார் தலையில் விடிந்துகொண்டிருந்ததாம்?

ஜூலை 31, வியாழன்

மடல் போய்விட்டது. அம்மா எல்லா வீட்டுக்கும் ஃபோன் போட்டு, "யாரும் அமுக்க வேண்டாம், அமுக்கினா அவளுக்குக் கோவம் வருது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 2, சனி

நூற்றுக்கு நான்கு, கொஞ்சம் மேலே. ஐந்து இல்லை.

ஆனால் கிடங்கு பாதி காலியாகிவிட்டது. வண்டி ஏற்ற ஆள் பற்றாமல் ஃபோன் பிரிவுப் பெண்களும் பெட்டி ஒட்டினார்கள். சார் திரையையும் கிடங்கையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலுதான வந்திருக்குது" என்றார். பிறகு, "மாசக் கணக்கு முடியட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். சம்மதமா மறுப்பா என்று அவர் முகத்தில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நாளைக்குப் பெரியப்பா வருகிறார். பயமாக இருக்கிறது. அதை வேறு எப்படியும் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

காலையிலேயே தேங்காய் சாதம், புளி சாதம், தயிர் சாதம் எல்லாம் ஆகிவிட்டது. பெரியப்பா வந்தார், அப்பா படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார், உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. எனக்கு ஃபீஸ் கட்டியவர். அதனால்தான் எல்லாம் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

இலை போட்டதும் கேட்டார். "வேலை என்னாச்சு கண்ணு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலீங் பெரியப்பா. மாசக் கணக்கு பாத்துட்டுச் சொல்றேன்னாங்க."

"அப்ப நெரந்தரமில்ல."

"தெரியலீங்."

"தெரியலீனா இல்லைன்னுதான அர்த்தம்?" குரலை உயர்த்தவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். "நீ ஒத்துக்கிட்டதுதான். ஆவணி மொத வாரத்துல வரச் சொல்லிப்போடறேன். நல்ல குடும்பம் சாமி."

ஒத்துக்கொண்டது நான்தானே.

"வேண்டாமுங்க."

அம்மா. தேங்காய் சாதப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். கரண்டி பாத்திரத்தில் பட்டு டகடகவென்று சத்தம் வந்தது.

"என்னம்மா வேண்டாம்?"

"தாராபுரம் வேண்டாமுங்க. அவளுக்கு வேலை இருந்தாலும் வேண்டாம், இல்லாட்டியும் வேண்டாமுங்க."

"ஜாதகம் குடுத்ததே நீதானம்மா?"

"நாந்தானுங்க. நாந்தான் குடுத்தேன். நாந்தான் திருப்பிக் கேக்கறேன். மொதத் தடவை குடுத்தப்பவும் அவளைக் கேக்காமத்தான் குடுத்தேனுங்க. அவ எப்படித் திரும்பி வந்தான்னு பாத்தவ நானு. நீங்க எத்தனையோ செஞ்சிருக்கறீங்க, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா இதை மட்டும் கேக்காதீங்க."

பெரியப்பா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சட்டைப் பையில் கைவிட்டு, மஞ்சள் தடவி மடித்த ஜாதகத்தை எடுத்துத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத்தனை நாளா இதைச் சொல்றதுக்கு என்னம்மா?" என்றார். "சாதம் போடு."

அம்மா போட்டாள். கொஞ்சம் இலையிலும் மீதி தரையிலும் விழுந்தது.

அவர் போன பிறகு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி மேலே பார்த்தாள்.

"இது இத்தனை சுளுவுன்னு தெரிஞ்சிருந்தா, ஊரையே கூட்டி அமுக்கச் சொல்லியிருக்க மாட்டேன் கண்ணு."